ஜாம் கணிதத் தேர்வு: எந்தப் புத்தகத்தை வாங்குவது, எதை விடுவது?

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போனவர்களுக்கு அந்த நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் தெரிந்திருக்கும். சுற்றிலும் விஜேடிஐ, ஐசிடி, ரூயா, கால்சா என்று கல்லூரிகள். விற்கவும் ஆள் இருக்கு, வாங்கவும் ஆள் இருக்கு. அங்கே போய் "ஜாம் மேத்ஸுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டால், கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு தடித்த கைடாகத்தான் இருக்கும். அட்டையில் 'முழுமையான', 'தீர்வுகளுடன்' மாதிரியான வார்த்தைகள் இருக்கும்.

அந்தக் கைடை வாங்கலாமா, வேண்டாமா? கேள்வி சின்னதுதான். ஆனால் பதிலில் உங்கள் ஒரு வருடம் இருக்கிறது.

முதலில் இது என்ன தேர்வு என்று பார்த்துவிடலாம். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர எழுத வேண்டிய பொது நுழைவுத் தேர்வுதான் ஜாம். கணிதம், புள்ளியியல், இயற்பியல், வேதியியல், பொருளாதாரம், புவியியல், உயிரித் தொழில்நுட்பம் என ஏழு தாள்கள். எல்லாப் பாடமும் சேர்த்து ஐஐடிகளில் சுமார் 3,000 இடங்கள் இதன் வழியாக நிரம்புகின்றன. 2026 தேர்வு பிப்ரவரி 15 அன்று. நடத்தும் பொறுப்பு நம்ம பவாயில் இருக்கும் ஐஐடி பம்பாய்க்கு. வயது வரம்பு கிடையாது. தாராவியில் இருந்து பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு போய்வரும் தம்பியும் எழுதலாம். நாலு வருடமாக பிகேசியில் எக்செல் ஷீட்டோடு குடும்பம் நடத்தும் நீங்களும் எழுதலாம். பி.எஸ்சி. முடித்து ஐடி வேலைக்குப் போன பிறகு "கணக்கையே ஒழுங்கா படிச்சிருக்கலாமோ" என்று தோன்றியவர்களுக்குத் திறந்திருக்கும் கதவுகளில் இதுதான் பெரியது.

புத்தகத்துக்கு முன்னால் மதிப்பெண்

எந்தப் புத்தகம் என்று யாரிடமும் கேட்கும் முன் வினாத்தாளின் அமைப்பைப் பாருங்கள். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் பகுதியில் 30 கேள்விகள், நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமான வகை, மொத்தம் 50 மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். இரண்டாம் பகுதியில் 10 கேள்விகள், 20 மதிப்பெண். இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம்; எல்லாச் சரியான விடைகளையும் குறித்தால்தான் மதிப்பெண், பாதி சரிக்குப் பாதி கிடையாது. மூன்றாம் பகுதியில் 20 கேள்விகள், 30 மதிப்பெண். விருப்பத் தேர்வே இல்லை, கணக்கிட்டு எண்ணை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். கடைசி இரண்டு பகுதிகளுக்கும் நெகட்டிவ் மார்க் இல்லை.

கூட்டிப் பார்த்தால், சரிபாதி மதிப்பெண்ணில் 'நாலில் எது' என்ற விளையாட்டே கிடையாது.

முதல் பகுதியில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரி லாபம் பூஜ்யம். நாலில் ஒன்று சரியாகி ஒரு மதிப்பெண் வரும், மூன்று தவறாகி மும்மூன்றாய் அதே ஒன்று போய்விடும். ஒரு விடையைத் தவறு என்று நிச்சயமாக நீக்க முடிந்தால் சராசரியில் ஒன்பதில் ஒரு பங்கு லாபம். கைடுகளில் வரும் 'நீக்கும் உத்தி' எல்லாம் இந்த ஒன்பதில் ஒரு பங்குக்காகத்தான். இரண்டாம் பகுதியில் சாத்தியமான விடைத் தொகுப்புகள் 15. குருட்டாம்போக்கில் அடித்தால் பதினைந்தில் ஒரு வாய்ப்பு. நெகட்டிவ் இல்லை என்பதால் காலியாக விடாதீர்கள், ஆனால் அதை நம்பி இருக்கவும் முடியாது. மூன்றாம் பகுதியில் அடிக்கவே எதுவும் இல்லை.

சரி, இதுக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு கேள்விகளை வைத்துப் பார்க்கலாம். இரண்டும் இந்தத் தேர்வின் பாணியில் நானே எழுதியவை.

ஒன்று: ஒரு தொடர் ஒருங்குகிறது என்றால், அதன் உறுப்புகளை வர்க்கப்படுத்திக் கிடைக்கும் தொடரும் ஒருங்குமா? உறுப்புகள் எல்லாம் நேர்மமாக இருந்தால், ஆம். குறிகள் மாறிமாறி வந்தால், அவசியமில்லை. ஒன்று கீழ் வர்க்கமூலம் என் என்ற உறுப்புகளைக் கூட்டல், கழித்தல் குறிகள் மாற்றி எழுதினால் தொடர் ஒருங்கும். வர்க்கப்படுத்தினால் ஒன்று கீழ் என் வந்து நிற்கும், அது விரிந்துகொண்டே போகும். இந்த எதிர் எடுத்துக்காட்டு உங்கள் தலையில் இருந்தால் கேள்வி முப்பது விநாடி. இல்லாவிட்டால் எந்த சூத்திரமும் கைகொடுக்காது. இரண்டாம் பகுதி முழுக்க இப்படித்தான் யோசிக்க வைக்கும்.

இரண்டு: நான்கு பொருட்களின் வரிசைமாற்றக் குழுவில், அதாவது எஸ்-4 என்று சொல்வோமே அதில், வரிசை 2 உள்ள உறுப்புகள் எத்தனை? இரண்டு பொருட்களை இடம் மாற்றுபவை ஆறு என்று எண்ணி '6' என்று தட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இரண்டு ஜோடிகளை ஒரே நேரத்தில் மாற்றுபவை இன்னும் மூன்று. விடை 9. நாலு விருப்பங்கள் கொடுத்து அதில் 6 இல்லாமல் இருந்தால் நீங்கள் சுதாரித்திருப்பீர்கள். காலிக் கட்டத்தில் சுதாரிப்பதற்கு எதுவுமே இல்லை.

சூத்திரத் தொகுப்பும் நாலு விருப்பக் கேள்விகளும் மட்டும் உள்ள கைடு உங்களை முதல் ஐம்பதுக்குத் தயார் செய்கிறது. மீதி ஐம்பது, தேற்றத்தையும் அது எங்கே உடையும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் பாடப்புத்தகத்தில்தான் இருக்கிறது. கைடே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது கைடாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உங்களிடம் எத்தனை மணி நேரம் இருக்கு?

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு வாரம் பத்து மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். ஹார்பர் லைனில் நின்றுகொண்டே செம்பூர் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆகஸ்டில் தொடங்கி ஜனவரி முடிய 26 வாரம் என்று வைத்தால் 260 மணி நேரம்.

இந்த மூன்று பகுதி அமைப்பு 2015 முதல் இருக்கிறது. 2026 வரை 12 வினாத்தாள்கள், 720 கேள்விகள். ஒவ்வொன்றையும் கடிகாரம் வைத்து எழுத 36 மணி நேரம். எழுதினால் மட்டும் போதாது, எங்கே தவறினோம் என்று தோண்ட அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். ஆக 108 மணி நேரம் அங்கேயே போய்விடும். புத்தகங்களுக்கு மிச்சம் 150 மணி நேரம். ஐந்து பகுதிகளுக்குப் பிரித்தால் தலைக்கு முப்பது.

முப்பது மணி நேரத்தில் ஒரு நல்ல கணிதப் புத்தகத்தின் சில அத்தியாயங்களைப் பயிற்சிக் கணக்குகளோடு முடிக்கலாம். இரண்டு புத்தகங்களை முடிக்க முடியாது. பன்னிரண்டு புத்தகங்கள் கொண்ட 'டாப்பர் பட்டியல்' யாராவது அனுப்பினால் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ எது?

ரியல் அனாலிசிஸில் இருந்து தொடங்குங்கள், பலரும் விழுகிற இடம் அதுதான். பார்ட்டில்–ஷெர்பர்ட் எழுதிய 'இன்ட்ரொடக்‌ஷன் டு ரியல் அனாலிசிஸ்' என் முதல் தேர்வு. மூன்று முதல் ஏழு வரையுள்ள அத்தியாயங்கள், கூடவே தொடர்கள் பற்றிய ஒன்பதாவது. பார்ட்டில் தனியாக எழுதிய 'எலிமென்ட்ஸ் ஆஃப் ரியல் அனாலிசிஸ்' வேறு புத்தகம், அதைவிடக் கடினம். பழைய கடையில் பெயரைப் பாதி படித்து மாற்றி வாங்கிவிட வாய்ப்பு அதிகம்.

இதற்கு ஈடாக, நம் ஊர்ச் சரக்கு ஒன்றும் இருக்கிறது. அஜித் குமாரும் எஸ். குமரேசனும் சேர்ந்து எழுதிய 'எ பேசிக் கோர்ஸ் இன் ரியல் அனாலிசிஸ்'. அஜித் குமார் மாட்டுங்கா ஐசிடியில் கணிதம் கற்பித்தவர். குமரேசன் மும்பைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், பிறகு ஹைதராபாத் போனார். கல்லூரி மாணவர்களுக்குக் கணிதத்தை யோசிக்கக் கற்றுத்தரும் எம்டிடிஎஸ் கோடை முகாமை 1993இல் தொடங்கியவர் அவர்தான். அந்த வகுப்பறையின் வாசனை இந்தப் புத்தகத்தில் இருக்கும். ஒரு நிரூபணத்தை எழுதுவதற்கு முன் அது ஏன் அப்படிப் போகிறது, படமாகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று உங்களோடு பேசும். தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு இது பெரிய துணை. இரண்டில் ஒன்று போதும். நூலகத்தில் இரண்டையும் எடுத்து, 'ஒருங்கும் தொடர்வரிசை' பகுதியைப் பத்துப் பக்கம் படித்துப் பார்த்து, எது உங்களோடு பேசுகிறதோ அதை வாங்குங்கள்.

ரூடின்? 1953இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து இன்றுவரை மதிப்போடு பேசப்படும் புத்தகம். அலமாரியில் இருந்தால் ஒரு கெத்துதான். ஆனால் மிகச் சுருக்கம், படம் கிடையாது, இடைப்பட்ட படிகளை நீங்களே நிரப்ப வேண்டும். 150 மணி நேரக் கணக்கில் அதற்கு இடமில்லை. எம்.எஸ்சி. சேர்ந்த பிறகு அது உங்களைத் தேடி வரும்.

குரூப் தியரிக்கு காலியன். முதல் பத்து அத்தியாயங்கள் போதும், குழுக்களின் ஹோமோமார்ஃபிசம் வரை வந்துவிடும். பன்னிரண்டாவதில் ரிங் தொடங்குகிறது, அது ஜாம் பாடத்திட்டத்தில் இல்லை. கதைபோல எழுதப்பட்ட ஆங்கிலம், எக்கச்சக்கமான எடுத்துக்காட்டுகள். மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறியவர்களுக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். ஹெர்ஸ்டீனின் 'டாபிக்ஸ் இன் அல்ஜீப்ரா' அழகான புத்தகம். ஆனால் அதன் பயிற்சிக் கணக்குகளில் பல இந்தத் தேர்வு கேட்கும் உயரத்தைத் தாண்டியவை.

உங்கள் வீட்டில் நெல்லைப் பக்கம் பி.எஸ்சி. கணிதம் படித்த அக்காவோ சித்தப்பாவோ இருந்தால், பரணில் மாணிக்கவாசகம் பிள்ளையும் ஆறுமுகம்–ஐசக்கும் இருக்க வாய்ப்புண்டு. தூக்கிப் போடாதீர்கள். கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகளில் கை வேகம் வர அந்தக் கணக்குகள் இன்றைக்கும் உதவும். மூன்றாம் பகுதிக்கு வேண்டியது அந்த வேகம்தான்.

லீனியர் அல்ஜீப்ராவில் ஹாஃப்மன்–குன்ஸே என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் மூன்று அத்தியாயங்கள், டிடர்மினன்ட் பற்றிய ஐந்தாவது, ஆறாவதின் தொடக்கம். அதோடு நிறுத்துங்கள், ஜோர்டான் வடிவமெல்லாம் ஜாமுக்கு வேண்டாம். அது கனமாகத் தோன்றினால் ஃப்ரீட்பெர்க்–இன்செல்–ஸ்பென்ஸ். குமரேசனின் 'லீனியர் அல்ஜீப்ரா: எ ஜியோமெட்ரிக் அப்ரோச்' மெலிதான புத்தகம், ஏற்கெனவே ஒருமுறை படித்தவர்களுக்கு நன்றாக இருக்கும்.

வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குத் தனிப் புத்தகம் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் கல்லூரிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பல மாறிகளின் கால்குலஸுக்கு தாமஸ் போதும். ஆழமாக வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயின் கோர்படே–லிமாயே எழுதிய பல மாறிக் கால்குலஸ் புத்தகம் இருக்கிறது.

இன்னொன்று: காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் ஜாம் கணிதத் தாளில் இல்லை. பி.எஸ்சி.யில் படித்தோமே என்று அதற்கும் ஒரு புத்தகம் வாங்கிவிடாதீர்கள். பழைய கைடுகளில், இப்போதைய பாடத்திட்டத்தில் இல்லாத பகுதிகள் கொத்துக் கொத்தாக இருக்கும். கடைக்குப் போகும்போது அதிகாரப்பூர்வப் பாடத்திட்டத்தின் அச்சுப் பிரதி சட்டைப்பையில் இருக்கட்டும்.

காசு

தாராவியில் ஒரு பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர் இருக்கும் வீட்டில், ஐந்து பாடப்புத்தகங்கள் என்பது பண விஷயம் மட்டுமல்ல, வைக்கிற இடமும் விஷயம்தான். ஆகவே எது சும்மா கிடைக்கும், சட்டப்படி எது சரி என்று பார்ப்போம்.

'இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு' என்று அட்டையில் அச்சிட்ட மலிவுப் பதிப்புகள் நமக்குப் பழக்கம். இதை வைத்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கே போனது. தாய்லாந்திலிருந்து அங்கே கணிதம் படிக்கப் போன சுபாப் கிர்ட்சேங் என்ற மாணவர், ஊரிலிருந்து மலிவுப் பதிப்புகளை வரவழைத்து விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் 6–3 என்ற தீர்ப்பில் மாணவர் ஜெயித்தார். பார்ட்டில்–ஷெர்பர்ட்டை வெளியிடுவதும் அதே வைலிதான். விலை வித்தியாசம் நமக்குச் சாதகமாக இருக்கும் அபூர்வமான சந்தை இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். டெரன்ஸ் டாவ் எழுதிய 'அனாலிசிஸ்' இரண்டு பாகங்களும் 2006இல் முதலில் வெளியானது டெல்லியின் ஹிந்துஸ்தான் புக் ஏஜென்சியில் என்பது பலருக்குத் தெரியாது.

எழுத்தாளர்களே இலவசமாகத் தரும் புத்தகங்கள் உண்டு. ட்ரெஞ்சின் ரியல் அனாலிசிஸ், லெபலின் 'பேசிக் அனாலிசிஸ்', ஜட்சனின் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, ஹெஃபரனின் லீனியர் அல்ஜீப்ரா. நாலையும் சட்டப்படி இறக்கிக்கொள்ளலாம். ஆக்ஸ்லரின் 'லீனியர் அல்ஜீப்ரா டன் ரைட்' நான்காம் பதிப்பும் இலவசம்தான். ஆனால் அவர் டிடர்மினன்ட்டைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவைத்தவர். ஜாமில் அது முதல் நாளிலிருந்தே தேவைப்படும் கருவி, அதனால் அவரை மட்டும் நம்ப முடியாது. ஹெஃபரன் இந்தத் தேர்வுக்குப் பொருத்தம்.

ஜெராக்ஸ்? டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை மீது ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் பதிப்பகங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பாடம் நடத்துவதற்காகப் புத்தகப் பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது, பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தரும் விலக்குக்குள் வரும் என்றது. முழுப் புத்தகத்தை பைண்ட் செய்து விற்பதற்கான பச்சைக்கொடி என்று இதைப் படித்துவிடக் கூடாது. டெல்லி ஜியா சராயிலிருந்து வரும் கையெழுத்து நோட்ஸ் நகல்களும் சந்தையில் சுற்றுகின்றன. அதில் உள்ள தவறுகளைத் திருத்த ஆசிரியர் யாரும் கிடையாது என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நூலகம் இருக்கிறதே என்பீர்கள். மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சுமார் 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது அரசு நிர்வகிக்கும் உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு, அதுவும் ஆய்விதழ்களுக்கு. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பி.எஸ்சி. மாணவருக்கு வேண்டியது ஆய்விதழ் அல்ல, கல்லூரி நூலகத்தில் பார்ட்டில் இரண்டு பிரதி. வேலைக்குப் போகிற உங்களுக்கு அந்த நூலகமும் இல்லை. இந்தக் கொள்கை விவாதத்தில் பாடப்புத்தகம் ஏன் எங்கேயும் வருவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மற்ற தேர்வுகளும் எழுதப் போறீங்களா?

கொலாபாவில் இருக்கும் டிஐஎஃப்ஆர், சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம், கொல்கத்தாவின் ஐஎஸ்ஐ, மூன்றும் தனித் தேர்வுகள் நடத்துகின்றன. பின்னிரண்டிலும் நிரூபணங்களை எழுதிக் காட்ட வேண்டிய பகுதி உண்டு. இங்கே கைடு அறவே உதவாது. பாடப்புத்தகத்தோடு, டி சோசா–சில்வா தொகுத்த 'பெர்க்லி ப்ராப்ளம்ஸ் இன் மேத்தமேடிக்ஸ்' கணக்குகளைப் பார்க்கலாம். ஜாமுக்கு மட்டும் எழுதுகிறவர் இதைத் தொட வேண்டாம்.

சிஎஸ்ஐஆர் நெட் வேறு வகை. அதன் 'சி' பகுதியில் 60 கேள்விகளில் 20க்கு மட்டும் விடையளித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4.75 மதிப்பெண், எல்லாச் சரியான விடைகளும் வேண்டும். அகலமாக மேய்வதைவிடச் சில பகுதிகளை ஆழமாகப் படித்தவருக்குச் சாதகம். 2024 ஜூனில் அந்தத் தேர்வு சில நாட்களுக்கு முன்பு தள்ளிவைக்கப்பட்டு ஜூலை கடைசியில்தான் நடந்தது. அந்த வருடத்தின் எண் போட்ட கைடுக்கு ஆயுள் அந்த வருடம்தான். பாடப்புத்தகம் அடுத்த வருடமும் உதவும், வேறு தேர்வுக்கும் உதவும்.

கைடின் பக்கம் நின்றும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் 1903 வாக்கில் ராமானுஜன் கைக்குக் கிடைத்த கார் என்பவரின் சூத்திரத் தொகுப்பு, கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு டியூஷன் எடுத்தவர் எழுதியது. இன்றைய மொழியில் அது ஒரு கைடுதான். அதிலிருந்து ராமானுஜன் என்ன செய்தார் என்று உலகத்துக்குத் தெரியும். அதே வருடங்களில் அவர் கல்லூரி உதவித்தொகையை இழந்தார், எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை என்பதும் பதிவாகி இருக்கிறது.

கிங்ஸ் சர்க்கிளில் வாங்குவதாக இருந்தால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். காலியனிலோ பார்ட்டிலிலோ ஒரு பதிப்பு பழையதாக இருந்தால் நஷ்டமில்லை, கணிதம் மாறவில்லை. பயிற்சிக் கணக்குகளின் எண்தான் மாறியிருக்கும். கடைசிப் பக்கங்களில் விடைகள் கிழியாமல் இருக்கிறதா என்று புரட்டுங்கள். முந்தைய சொந்தக்காரர் பென்சிலில் போட்ட விடைகள் இருந்தால் முதலில் ரப்பரால் அழித்துவிடுங்கள். பழைய வினாத்தாள்களை மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். விடைக்குறிப்போடு ஜாம் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன.